‘போயிட்டு வரேன்’ பட்டன்

கீழே கொண்டை ஊசி வளைவிலிருந்து ஹாரன் கேட்டது. சின்னதாக இரண்டு தடவை, ஒரு மூச்சு விட்டு நீளமாக ஒன்று. வெள்ளிமலையில் ஜீப்புக்கா பஞ்சம், எவனோ ஆள் பிடிக்கிறான் என்று கோகிலவாணி லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுப்படியில் அம்மா செவ்வந்தி மட்டும் சட்டென்று எழுந்து தட்டு கழுவினாள். இந்த வீட்டில் இருக்கிறது இரண்டே பேர், கழுவி வைத்த தட்டு மூன்று. அப்புறம்தான் அந்த ஹாரன் யாருடையது என்று கோகிலாவுக்கு உறைத்தது.

அப்பா மாயவன் மலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஷேர் ஜீப் ஓட்டினவர். ஒரு ஆள் இடம் காலியாக இருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார். உள்ளே நசுங்குகிறவர்கள் என்னதான் திட்டினாலும், வண்டி நிறைகிற வரைக்கும் இதே மாதிரி ஹாரனை அடித்துக்கொண்டு நிற்பார். போன மழைக்காலத்தில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்து போய்ச் சேர்ந்தார். நசுங்கிய ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது.

கோகிலா சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ‘கூடவே’ என்று ஒரு ஆப். செத்தவர்களின் பழைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளைக் கொடுத்தால், அதே குரலில் தினமும் பேசும். அதற்கு மாசச் சந்தா. எந்தத் திரை எப்படி இருக்கணும், எந்தப் பட்டன் எங்கே நிற்கணும் என்று முடிவு பண்ணுவது இவள் வேலை. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான். அழுது தீர்ந்ததும் ஆளாளுக்குச் சந்தாவை நிறுத்திவிட்டு ஓடுகிறார்களே என்று மேலாளர் சுபாஷ் தலையில் கை வைத்தபோது, வழி கண்டுபிடித்தது இவள்தான்.

‘ரத்து செய்’ பட்டனைத் தூக்கினாள். நம்ம ஜனங்களுக்கு ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்ல வாய் வருமா? அதனால் ‘போயிட்டு வரேன்’ என்று வைத்தாள். திரையை மூட மூலையில் இருந்த பெருக்கல் குறியையும் அழித்தாள். சந்தாவை நிறுத்துகிற திரை திறந்ததும் செத்தவர் குரல், “கெளம்பிட்டியா? சொல்லிட்டுப் போ” என்னும். அந்த ஒரு பட்டனை அழுத்தினால்தான் வெளியே வரலாம். அழுத்துகிறவர்களுக்கு மனசு உறுத்தாது. கணக்கும் சாகாது, தூங்கும், அப்புறம் தட்டி எழுப்பிக்கொள்ளலாம். அப்பா குரலை வைத்துத்தான் அதைச் சோதித்துப் பார்த்தாள். எத்தனை தடவை அழுத்தியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. வருமானம் ஏறியது, சுபாஷ் எல்லோர் முன்னாலும் பாராட்டினான்.

அம்மா போனிலும் அதை ஏற்றிக் கொடுத்ததுதான் வினையாகிப் போயிற்று. செவ்வந்தி சோற்றை மறந்தாள், தூக்கத்தை மறந்தாள், போனைக் காதோடு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தாள். கன்னம் ஒட்டிப் போயிற்று. அப்பாவைத்தான் கொடுத்தாயிற்று, அம்மாவையுமா என்று கோகிலா பயந்தாள். இன்று மத்தியானம் பெரிய சண்டை. நான் வேணுமா, அந்தப் போன் வேணுமா என்று கத்தினாள். செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் திரையைத் திறந்தாள். வெகு நேரம் எதையோ தேடினாள். அப்புறம் அழுத்தினாள்.

“அம்மா, மூணாவது தட்டு யாருக்கு?”

“இன்னாடி கேக்குற? உங்கப்பா வந்துக்கினு இருக்காரு.”

“இன்னா பேசுற நீ?”

“சாவு வூட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது, தெரியுமில்ல? செருப்ப மாட்டிக்கினு சத்தங்காட்டாம வந்துடணும். சொல்லிட்டா திரும்ப வரணும்.” செவ்வந்தி தட்டைத் துடைத்தாள். “வேற பட்டனே இல்லியேடி. தேடித் தேடிப் பாத்தேன்.”

எத்தனை சாவு வீட்டிலிருந்து கோகிலாவே வாயைத் திறக்காமல் எழுந்து வந்திருக்கிறாள்! இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

போன் அடித்தது, சுபாஷ். “கோகிலா, ஒரு மாதிரியா இருக்குப்பா. சந்தா நிறுத்துனவங்கள பேட்டி எடுக்கலாம்னு வரிசையா கூப்ட்டோம். யாருமே எடுக்கல. எலவனாசூர்கோட்டை ராணியம்மாள்னு ஒருத்தங்க, அவங்க பையன் மட்டும் எடுத்தாரு. நிறுத்துன அன்னிக்கே அம்மாவ காணோமாம். வாசல்ல ஏதோ வண்டி வந்து நின்னுச்சாம்...” அதோடு லைன் அறுந்தது. டவர் போய்விட்டது.

பொழுது சாய்கிற நேரம்தான், ஆனால் மூட்டம் இறங்கி ஜன்னலுக்கு வெளியே தினை வயலும் தெருவும் வெள்ளையாகக் கரைந்து போயிருந்தன, எதிர் வீட்டு நாய் குரைக்கத் தொடங்கி, என்னமோ நினைத்துக்கொண்ட மாதிரி பாதியில் நிறுத்திவிட்டது, கதவுச் சந்து வழியாக ஈர மண் வாசனையும் அதற்கு அடியில் டீசலும் பீடியும் கலந்த ஒரு நாற்றமும் உள்ளே வந்து, கோகிலா சின்ன வயதில் அப்பா மடியில் முகத்தைப் புதைத்துத் தூங்கியபோது மூக்கில் ஏறிய அதே நாற்றமாக வீடெல்லாம் நிறைந்தது. கரண்ட் போயிற்று. ஹாரன் மறுபடி அடித்தது, இந்தத் தடவை ரேஷன் கடைப் பக்கமிருந்து.

“அம்மா, கெளம்பு! பஸ் இருக்கு. கள்ளக்குறிச்சி போயிடலாம்.”

உள் அறையில் செவ்வந்தி கண்ணாடி முன் நின்றிருந்தாள். அப்பா போனதிலிருந்து வெறுமையாக இருந்த நெற்றியில் குங்குமம். தலையில் கனகாம்பரம். இந்தக் குளிரில், இந்த மலையில், பூ எங்கிருந்து கிடைத்தது?

“என்னக் கேட்டா உங்கப்பாவ அனுப்பி வெக்கச் சொன்ன?” என்றாள் செவ்வந்தி. கோபமே இல்லாத குரல்.

கோகிலா லேப்டாப்புக்கு ஓடினாள். நான்தானே அழித்தேன், நானே திரும்ப வைக்கிறேன். மூலையில் பெருக்கல் குறியை வரைந்தாள். அவசரத்தில் இரண்டு தடவை கோணிப் போயிற்று. வைத்துவிட்டாள். அனுப்பினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் இல்லை.

அம்மாவின் போனை எடுத்தாள். அதே திரை. மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். வழி இல்லை. அணைக்கப் பார்த்தாள். அணையவில்லை.

நடுவில் ஒரே பட்டன்.

வாசலில் ஹாரன். சின்னதாக இரண்டு. ஒரு மூச்சு. நீளமாக ஒன்று.

“அம்மா?”

உள் அறை காலி. பின் கதவு சாத்தித்தான் இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. அம்மாவின் செருப்பு இல்லை. சத்தங்காட்டாமல் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

கோகிலா வாசலுக்கு வந்தாள். ஜீப் நின்றது. முன்பக்கம் நசுங்கிய ஜீப். இஞ்சின் ஓடுகிறது, சத்தம் இல்லை. பின்னால் எதிரெதிரே இரண்டு வரிசை, நெருக்கியடித்து ஆட்கள். யார் முகமும் தெரியவில்லை. மடியில் போன்கள் மட்டும் வெளிச்சமாக. எல்லாப் போனிலும் அவள் வரைந்த திரை.

“செவ்வந்தி ஏறிட்டா.” ஸ்டியரிங் பக்கமிருந்து குரல் வந்தது. நடுவில் அப்பாவின் பீடி இருமல். ஆப்பில் எப்படி இருமுமோ, அப்படியே. “நீ எத்தினி தடவ வரேன்னு சொன்ன, கண்ணு.”

கோகிலா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அது... சும்மா சோதிச்சுப் பாத்தேன்பா.”

ஹாரன் அடித்தது. உள்ளே யாரும் முணுமுணுக்கவில்லை. செவ்வந்தி சேலையை ஒதுக்கிக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு ஆள் இடம்.