வாசனை தெரிந்த மாதிரி

மாடிப்படியில் தடதடவென்று யாரோ ஏறி வந்தார்கள். அடுத்த நொடி தமாகியின் வீட்டுக் கதவு அதிர்ந்தது.

கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு போய்த் திறந்தாள். வாசலில் கீழ்வீட்டுக்காரன். தலையெல்லாம் மழை... ஒரு காலில் மட்டும் செருப்பு. இமையோரம் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. கரிய, நேரான கண்கள். ஆனால் அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டி உள்ளே போயிருந்தன.

"மன்னிச்சுக்கங்க... உள்ள ஏதோ தீயுது."

திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே நீலப் புகை. இரும்புச் சட்டியில் வறுபட்டுக்கொண்டிருந்த தேயிலைத் தண்டுகள் கரியாகிப் போயிருந்தன. இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரியவே இல்லை.

அந்த அவசரத்திலும் அவன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே ஓடினான். அடுப்பை அணைத்து, சட்டியைத் தூக்கித் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்தான். ஸ்ஸ்ஸென்று ஆவி எழுந்தது.

"எங்க வீடு வரைக்கும் வருது வாசனை. உங்களுக்குத் தெரியலையா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். அவளுக்கு முகம் சுட்டது.

"தெரியும். வேணும்னுதான் கருக விட்டேன். தேயிலை ருசி பார்க்கிற வேலையில எட்டு வருஷம் இருந்தவ நான்."

அவன் சட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஓ... அப்ப இது கரி டீயா?"

உதடு சிரிக்கவில்லை. கண் சிரித்தது. குனிந்து வணங்கிவிட்டு, ஒற்றைச் செருப்போடு படியிறங்கிப் போனான். தமாகி கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் போனது. கூடவே வாசனையும் போனது. இனிப்பு, உப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும். அவ்வளவுதான். ஜப்பானின் கனாசாவா நகரத்தில் தேயிலைத் தண்டைப் பொன்னிறமாக வறுத்து ஹோஜிச்சா செய்கிற ஒரு பழைய நிறுவனத்தில், எந்தத் தேயிலைப் பெட்டி கடைக்குப் போகலாம், எது கூடாது என்று சொல்கிற மூக்கு அவளுடையது. வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலையை விட்டாள். அம்மாவோ அடுத்த ஊரில் திடமாக இருந்தாள். மகள் நூலக வேலைக்கு ஏன் மாறினாள் என்று தெரியாமல் விழித்தாள். வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பழகிய வாசனைகளை முகர்ந்துகொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் சனிக்கிழமை தோறும் வறுத்தாள். சட்டியின் மேல் குனிந்து காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை... இன்று கீழ்வீட்டுக்காரன்தான் வந்தான்.

மறுநாள் ஊர் வழக்கப்படி, தொந்தரவு கொடுத்ததற்காக ஒரு பெட்டி பலகாரம் வாங்கிக்கொண்டு கீழே போனாள். கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் எண்ணம். கதவைத் திறந்தவனின் இரண்டு கைகளும் முழங்கை வரை மாவு. பெட்டியை வாங்கக் கையில்லை.

சாய் என்பது அவன் குடும்பப் பெயர். தைவான்காரன். தைனான் ஊர். நெசவு இயந்திரம் செய்யும் ஆலையில் நான்கு வருடமாக வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊர் ஞாபகம் வந்துவிட்டால் ஜவ்வரிசி உருட்டுவானாம். கருஞ்சர்க்கரைப் பாகைக் கொதிக்கக் கொதிக்க மரவள்ளி மாவில் ஊற்றிப் பிசைந்து, கடலை அளவுக்கு உருட்டி, அரை மணி வேகவைத்து, மூடி வைத்து, மறுபடி பாகில் போட்டு... இத்தனையும், பால் டீயில் இந்த உருண்டைகளைப் போட்டுக் குடிக்கிற ஒரு கோப்பை பபிள் டீக்கு.

ஒரு கரண்டி எடுத்து நீட்டினான். மரியாதைக்கு வாயில் போட்டுக்கொண்டாள்.

பல் அழுத்தியது. உருண்டை நெகிழ்ந்தது, பணிந்தது, பிறகு மெல்லத் திருப்பித் தள்ளியது. வழுவழுப்பு, வெதுவெதுப்பு, நடுவில் ஒரு பிடிவாதம். நான்கு மாதமாகச் சோறும் மீனும் ஈரக் காகிதமாக இருந்த வாயில், முதன்முதலாக ஏதோ ஒன்று நடந்தது. இன்னொரு கரண்டி கேட்டாள். கேட்ட பிறகுதான் வெட்கம் வந்தது.

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு 'கியூ'. கடிச்சா அது நம்மளைத் திருப்பிக் கடிக்கணும்," என்றான்.

டீதான் சரியாக அமையவில்லை என்று குறைப்பட்டான். கடைத் தூளில் போட்டால் டீயின் ருசி பாலில் காணாமல் போய்விடுகிறதாம். பாலுக்கு நிற்க வேண்டுமானால் தண்டை இன்னும் ஒரு சுற்று ஆழமாக வறுக்க வேண்டும், இரண்டு மடங்கு போட்டுக் கொதிநீர் ஊற்ற வேண்டும் என்று தமாகியின் வாய் தானாகச் சொன்னது. அடுத்த ஞாயிறு தண்டுப் பொட்டலத்தோடு அவளே போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள்...

ஜூன் மாதம் முழுக்க மழை. சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்பார்கள் அந்த ஊரில். அவளுக்குக் குடையும் தேவைப்படவில்லை. பதினெட்டுப் படி இறங்கினால் போதும். அவன் அடுப்பில் அவள் சட்டியைக் குலுக்குவாள். தண்டு வெடிக்கும் சத்தத்தையும் நிறத்தையும் வைத்துப் பாதி தூரம் போவாள். மீதிக்கு அவனிடம் கேட்பாள்.

"இப்ப எப்படி மணக்குது, சொல்லுங்க பார்ப்போம்."

தேர்வில் எழுந்து நிற்கிற பையன் மாதிரி அவன் திணறுவான். வேர்க்கடலை என்பான். மழை விட்ட பிறகு மரப்பெட்டியைத் திறந்த மாதிரி என்பான். அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு அவள் அடுப்பை அணைப்பாள். அவன் முகர்கிறபோது அவன் கண்கள் பாதி மூடும்... அதைப் பார்க்கவே அவள் கேள்வியை இரண்டு முறை கேட்கத் தொடங்கியிருந்தாள்.

ஜூலை முதல் வாரம் அவன் இரண்டு கோப்பைகளோடு மேலே வந்தான். ஒப்பந்தம் முடிகிறது என்றான். நீட்டிக்கலாம், அல்லது ஊருக்குப் போய் அக்காவின் கடையில் இந்தத் தேநீரைப் போடலாம். இன்று தனியாகவே போட்டுப் பார்த்தானாம்.

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நாலு வருஷமா இந்த ஊர்ல நான் கேட்கிறது அதுதான். நீங்க உள்ளதைச் சொல்லுங்க, கிதாமுரா-சான்." அவள் குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துத்தான் அவளை எப்போதும் அழைப்பான்.

அவள் உறிஞ்சினாள். இனிப்பு. பால். உருண்டை. கண்ணை மூடி, எட்டு வருடப் பழக்கத்தில் சொன்னாள். வறுப்பு சரியாக ஏறியிருக்கிறது, தண்டின் மணம் கடைசி வரைக்கும் நிற்கிறது, இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அவன் முகம் மலர்ந்தது. தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். அப்படியே நிறுத்தினான்.

"இது பார்லி..." என்றான் மெதுவாக. "குளிர்பெட்டியில ரெண்டு ஜாடி இருந்துச்சு, ஒண்ணு டீ, ஒண்ணு வறுத்த பார்லித் தண்ணி. மாத்தி ஊத்திட்டேன் போல. இது டீயே இல்ல."

சொல்லிவிடலாம்... நாக்கு நுனி வரை வந்தது. தேயிலைக்கும் பார்லிக்கும் வித்தியாசம் தெரியாதவள் நான் என்று இவனிடமா சொல்வது? அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்களுமா?" என்றான். கோப்பைகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஒரு ஞாயிறு போனது. கீழே பாத்திரம் உருளும் சத்தம் இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அவன் வணங்கினான். எல்லாரையும் வணங்குகிற அதே அளவு. அந்த அளவுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. மூக்கு போனதை அவள் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியாது என்று சனிக்கிழமை காலையில் புரிந்தது.

படியிறங்கி அவன் கதவைத் தட்டினாள். வாசலில் நின்றபடியே, மூச்சு விடாமல் சொன்னாள்.

"அன்னைக்குக் குடிச்சது பார்லின்னு எனக்குத் தெரியல. எதைக் கொடுத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. பிப்ரவரியில இருந்து எனக்கு வாசனையே இல்ல. உங்ககிட்ட சொன்னதெல்லாம் ஞாபகத்துல இருந்து சொன்னது."

அவன் கதவை முழுதாகத் திறந்துவிட்டான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு."

"அம்மாவுக்கு?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப... எப்படி மணக்குதுன்னு என்னை நிக்க வச்சுக் கேட்டது பரீட்சை இல்லையா?"

"இல்ல. எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்."

"ராத்திரியெல்லாம் பதில் தயார் பண்ணிட்டு வருவேன், தெரியுமா..." என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினான். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். கொஞ்சம் தள்ளி அவளும் உட்கார்ந்தாள். வெளியே மழை சன்னமாகியிருந்தது.

நேற்று ஆலையில் கடிதம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். நீட்டிக்க வேண்டாம், செப்டம்பரில் ஊருக்குப் போகிறேன் என்று.

"அதைத் திருப்பி வாங்க முடியாதா?"

"கேட்டுப் பார்க்கலாம். ஏன்னு கேட்பாங்களே... மாடிவீட்டுக்காரி சொன்னான்னு சொல்றதா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் இந்த முறை கண் சிரிக்கவில்லை. தமாகி தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, சாய்-சான். இது ஞாபகத்துல இருந்து சொல்றது இல்ல."

அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"ஒரு மாசமா நான் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டு இருந்தது, தமாகி... நீ முதல்ல சொல்லிட்ட."

திங்கட்கிழமை அவன் முதல் பேருந்திலேயே ஆலைக்குப் போனான். கடிதம் லேசில் கிடைக்கவில்லையாம். காரணம் கேட்டார்களாம், மறைக்காமல் சொன்னானாம், அதற்குப் பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்களாம்.

அன்று மாலை தமாகி அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"உன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்மா," என்றாள். "முதல்ல எதைச் சொல்றதுன்னுதான் தெரியல..."