மாலை போடாத படம்

காலையில் ஜெயமலர் தன் கையாலேயே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த ஓவியம், இப்போது அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது திருப்பியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தரையைத் துடைத்தாள்.

சூரிச்சில் அவள் துப்புரவு வேலை செய்யும் ஒரு சின்ன அருங்காட்சியகம் அது. ஓவியத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பையன். இரண்டாம் உலக யுத்தத்தில் நாஜிப் படையினர் ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டைக் கொள்ளையடித்தபோது எடுத்துப்போன படம், கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்தது. வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்த வீட்டுப் பையன்தான் படத்தில் இருப்பவன்; அவன் திரும்பவேயில்லை. நாளைக்கு ஜெனீவாவிலிருந்து அவனுடைய தங்கை, தொண்ணூறைத் தொட்டவள், படத்தை வாங்கிப்போக வருகிறாள்.

வெளியே ட்ராம் போகும்போதெல்லாம், படத்துக்கென்று செய்து வைத்திருந்த வெற்று மரப்பெட்டிக்குள் எதுவோ மெல்ல அசைந்தது. பழைய சாய வாடையோடு, அந்த உலர்ந்த அறைக்குள் எப்படியோ ஈரமண் வாசமும் வந்துகொண்டிருந்தது.

பையனைப் பார்க்க மனம் தாங்காமல்தான் காலையில் படத்தைத் திருப்பி வைத்திருந்தாள். அவளுடைய மகன் மதுஷனும் இலங்கையில், வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன்தான். மாலை போட்டால் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால், அவன் படத்துக்கு இன்றுவரை ஒரு பூ வைக்கவும் அவள் விட்டதில்லை. கணவர் சிவநேசன் ஒருமுறை மாலை வாங்கி வந்தபோது, "என்ரை பிள்ளை வருவான். அதைப் போட்டியளெண்டால் நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்" என்று கத்தியிருந்தாள்.

ஆனால் இந்தப் பையனுக்கு ஒரு சாவீடுகூட நடக்கவில்லையே. அட்லிஸ்வில் முருகன் கோயில் ஐயர் காலையில் கொடுத்த சின்ன மல்லிகை மாலை கைப்பையில் இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதை எடுத்துச் சட்டத்தில் மாட்டினாள்.

"உனக்கு ஒருத்தரும் போடேல்லையே, ராசா. இனியாவது நிம்மதியாப் போ."

ஈரமண் வாசம் சட்டென்று நின்றது.

பையனின் கண்கள் மூடியிருந்தன. முதலிலும் அப்படித்தானா? மாலையைக் கழற்றக் கையை நீட்டினாள். சட்டத்தில் மாலை இல்லை. தரையிலும் இல்லை.

கைப்பேசி அடித்தது. சிவநேசன்.

"மலர், நல்ல காரியம் செய்திருக்கிறீர்." என்றார் அவர். "இவ்வளவு காலத்துக்குப் பிறகெண்டாலும் மனம் வந்துதே."

"என்னத்தைச் சொல்லுறியள்?"

"எங்கடை பிள்ளையின்ரை படத்துக்கு மாலை. எப்ப வந்து போட்டனீர்?"

"கழட்டுங்கோ! இப்பவே கழட்டுங்கோ!"

சட்டத்தை அவர் இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. "கழட்டேலாமக் கிடக்கு, மலர்."

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. படத்தை நோக்கி ஓடினாள். நகத்தால் பிறாண்டினாள். குளிர்ந்த கண்ணாடி மட்டும் கையில் பட்டது.

மாலை உள்ளே இருந்தது. மகனின் கழுத்தில். பூவெல்லாம் ஈரமண்.

அவனும் கண்ணை மூடியிருந்தான்.