ஏழாவது கை

பயம் வந்தால் பக்கத்திலிருப்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. மெல்லத்தான் சொல்கிறேன்.

மூடிக் கிடந்த பட்டறையில் தன் சாமான்களை எடுக்க, முன்பு அங்கே இரும்பு கடைந்துகொண்டிருந்த கடைசல்காரர் போனது பட்டப்பகலில். மனைவியும் கூடப் போனாள். உள்ளே எண்ணெய் நாற்றம். அதற்கடியில் வேறொரு நாற்றம்.

கனமான இயந்திரத்தை நகர்த்த அங்கே வேலை பார்த்த ஏழு பேரும், கடைசல்காரர் உட்பட, ஒரே இரும்புத் தண்டில் வரிசையாகக் கை வைத்துத் தள்ளுவார்கள். பட்டறைக் காவலாளி தங்களை முதலாளியிடம் காட்டிக்கொடுத்துவிட்டதாகப் பேச்சு கிளம்பிய அன்றும் மேஸ்திரி அந்தத் தண்டைத்தான் எடுத்தார்.

"எல்லாரும் கை வைங்க. அப்புறம் யாரு குத்தினதுன்னு எவன் சொல்லுவான்?"

கடைசல்காரர் அப்போது வாசலில் இருந்தார். கதவு திறந்திருந்தது. சைக்கிள் பூட்டைக்கூடத் திறந்துவிட்டார்.

"என்ன தம்பி, உனக்கு மட்டும் தனி ரோடு போட்டிருக்கா?"

மேஸ்திரி இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சாப்பாட்டுத் தூக்கை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

தூணில் கட்டியிருந்த காவலாளியின் நெஞ்சில் தண்டு மூன்று தடவை மோதியது. எலும்பு முறிவது உள்ளங்கை வரைக்கும் தெரிந்தது.

காட்டிக்கொடுத்தது அவர் இல்லை என்று மறுவாரமே தெரிந்துபோனது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஆறு பேர் செத்தார்கள். ஆறு பேருக்கும் நெஞ்சு நசுங்கியிருந்தது.

"நீங்களும் கை வச்சீங்களா?" சாமான் எடுக்கப் போன இடத்தில்தான் மனைவி முதல் தடவையாகக் கேட்டாள்.

"வச்சேன். அழுத்தல. சத்தியமா அழுத்தல."

"அப்ப எதுக்கு வச்சீங்க?"

அவர் மூலையைப் பார்த்தார். தண்டு அங்கே சாய்ந்திருந்தது. முழுக்கத் துரு. ஆறு இடங்கள் மட்டும், கை பிடிக்கும் அகலத்துக்கு, புதுசாகப் பளபளத்தன.

கதவு சாத்திக்கொண்டது.

இருட்டுக்குள், வேலை முடிந்ததும் காவலாளி தினமும் கேட்கும் அதே கேள்வி.

"இன்னும் யாருப்பா பாக்கி?"

"நான் அழுத்தலண்ணே..."

"நானும் அழுத்தமாட்டேன் தம்பி. சும்மா கைதான் வைக்கிறேன்."

ஏழு பேர் ஒன்றாக மூச்சுப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

மனைவி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது மோதலில் அவள் கையில் சட்டைத் துணி மட்டும் மிஞ்சியது. முகமெல்லாம் சூடாக நனைந்திருந்தது.

கதவு தானாகத் திறந்தபோது தண்டில் ஏழு இடங்கள் பளபளத்தன.

அந்தத் தண்டு இப்போது வேறொரு பட்டறையில் இருக்கிறது, செல்லங்களா. எட்டாவதாக ஓர் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் துரு உதிர்ந்து வருகிறதாம்.

அங்கே யாரும் இன்னும் கை வைக்கவில்லை.