நான்காம் மாடியில் வறுபட்ட மிளகாய்

காலை ஆறு மணிக்கு ஆண்ட்வெர்ப் நகரமே கதவில் கை வைத்தது. தவமலரும் வைத்தாள். கதவிலிருந்த இருப்புணரி அவள் ரேகையைப் படித்து, ‘இன்றும் வசிக்கிறீர்கள்’ என்று பச்சை காட்டியது.

வீடில்லாதவர்கள் தெருவில் கிடக்க, நிறுவனங்கள் வீடுகளை வாங்கிப் பூட்டிவைத்த காலத்துக்கு ஐரோப்பா சொன்ன பதில்தான் வாழ்வுரிமைச் சட்டம். நிறுவனத்தின் வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்தவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தால் வீடு அவருக்கே. நடுவில் முப்பது நாள் பதிவு விடுபட்டால் மறுபடி முதல் நாள்.

நல்ல சட்டம்தான். ஆனால் ஒன்பதாம் ஆண்டில், வேலை பார்த்த சலவை ஆலையின் மருந்து பட்டு அவள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. முப்பத்து நான்கு நாள் கதவுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. பத்தாண்டு நிறைந்ததும் நிறுவனம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இன்று விசாரணை.

“இஞ்சாருங்கோ, வீடு போகப்போகுது, நீங்கள் சம்பல் கேக்கிறியள்!” என்று கணவன் யோகநாதனிடம் எரிந்து விழுந்தபடி தூள் டப்பாவை எடுத்தாள். அடியில் விரித்திருந்த தாள் கையோடு வந்தது.

நிறுவனத்தின் எச்சரிக்கைக் கடிதம். புகையுணரி தானே எழுதி அனுப்புவது. வந்ததையெல்லாம் அவள் அலுமாரித் தட்டில் விரித்துவிடுவாள்.

“என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?”

“திகதியைப் பாருங்கோ!”

மன்றத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர் அலட்டிக்கொள்ளவில்லை. “அந்த முப்பத்து நான்கு நாளும் இவர் அங்கே இல்லை.” காதிலிருந்த மொழிபெயர்ப்பி தமிழில் சொன்னது.

தவமலர் அலுமாரியிலிருந்து கொண்டுவந்த, மிளகாய்த்தூள் படிந்த மூன்று தாள்களை நீதிபதி பிரித்தார். அடுத்தடுத்து இரண்டு தும்மல். பிறகு உரக்க வாசித்தார்: “தவமலர் அவர்களே, எச்சரித்தும் இன்று மறுபடி மிளகாய் வறுக்கிறீர்கள்.” மூன்றும் அந்த நாட்களுக்குள் எழுதப்பட்டவை. “இல்லாதவரையா மூன்று முறை கண்டித்தீர்கள்?”

வழக்கறிஞர் தாள்களை வாங்கித் தேதிகளைச் சரிபார்த்ததும் நீதிபதி தீர்ப்புச் சொன்னார்.

“கை ஒன்றுதான் சாட்சி என்று சட்டம் சொல்லவில்லை. வாழ்ந்த தடம் எதுவானாலும் செல்லும். வீடு இவருடையது.”

தவமலர் வாய்விட்டு அழுதாள், சிரித்தாள். தோல் உரிந்த கைகளால் வீடிழந்த ஆலைக்காரர்கள் பதினேழு பேர் வெளியே நின்றார்கள். தீர்ப்பு அவர்களுக்கும்தான். அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தில் யோகநாதன் சொன்னது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

அன்று மாலை சன்னலை அகலத் திறந்துவைத்து ஒரு கிலோ மிளகாய் வறுத்தாள். புகையுணரி உடனே கடிதம் அனுப்பியது.

‘உரிமையாளர் தவமலர் அவர்களுக்கு: உங்கள் வீட்டில் யாரோ மிளகாய் வறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?’

“வறுக்கட்டும்,” என்றாள் உரிமையாளர்.