அடுத்த வீட்டுக்குப் பாட்டு

தச்சர் தட்டுவது மரத்தில் அல்ல என்பது மூன்றாவது தட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்குக் காதுதான் தொழில். காது மந்தமானவர்களையும், மந்தம் என்று சான்றிதழ் வாங்க வந்து நடிப்பவர்களையும் பதினான்கு வருஷமாகக் ஒலி புகாத அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் வழியே சன்னமான ஒலிகளை அனுப்பி, கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்லி வரைபடம் போடுகிறவள். அன்று கடைசி நோயாளி நாலரைக்கே போய்விட்டார். வரவேற்பில் இருக்கும் பெண்ணும் விடுமுறைக் குஷியில் ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். சோதனை அறையின் கனத்த கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளி உட்காரும் நாற்காலியில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பும் காதில் வயரில்லாத ஹெட்போனுமாக அவள் விளையாட்டுக்குள் நுழைந்தாள். நான்கு பக்கமும் பஞ்சு அடைத்த சுவர். வெளியறையைப் பார்த்தபடி, இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரே ஜன்னல். வெளியே லாரி ஹாரன் அடித்தாலும் உள்ளே வராது.

ஊர் ஊராக, நாடு நாடாகச் சிதறிக் கிடக்கும் பழைய கிறிஸ்துமஸ் கேரல் பாடகர்களின் குழு அது. யாரும் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான்; பெயருக்குப் பதில் தச்சர், டீச்சர் என்று தொழில்தான். டிசம்பர் வந்தால் இந்த விளையாட்டு. ஒருவர் தன் வீட்டில் கையில் கிடைத்த பொருளில் ஒரு கேரல் பாட்டின் தாளத்தைத் தட்டுவார். வாயைத் திறக்கக் கூடாது. என்ன பாட்டு என்று யாராவது கண்டுபிடிக்கும்வரை நிறுத்தவும் கூடாது. கண்டுபிடித்தவருக்கு அடுத்த முறை.

தச்சர் தட்டத் தொடங்குவதற்கு முன்பு, "யாரோ வாசல்ல நிக்கிறாங்க, இருங்க வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு திறந்தது. நிறையக் காலடிகள் உள்ளே வந்தன. செருப்பில்லாத கால்கள், ஒரே சீராக, ஒன்றையொன்று மிதிக்காமல். பிறகு தாளம் ஆரம்பித்தது. மந்தமான தட்டு. ஒவ்வொரு தட்டின் முடிவிலும், ஈரத்திலிருந்து எதையோ பிய்த்து எடுப்பதுபோல ஒரு சின்னச் சத்தம்.

"ஐயா இந்தத் தடவை புதுசா எதையோ பிடிச்சிருக்கார்" என்றார் குழுவை நடத்தும் தலைவர். "தலையணையா? பூசணிக்காயா?"

"விளக்கேந்தி வருவோம்!" என்றார் பேக்கரி அண்ணன்.

தாளம் சட்டென்று நின்றது.

"ஐயா, சரிதானே?" என்றார் தலைவர். "பாத்ரூம் போயிட்டார் போல. நின்னுடுச்சுல்ல, அப்ப சரிதான். அண்ணே, உங்க முறை."

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தச்சரின் வீட்டில் காலடிகள் வெளியேறிக்கொண்டிருந்தன. கடைசியாக ஒன்று மட்டும் சீராக இல்லை. இழுத்து இழுத்துப் போயிற்று.

பேக்கரியில் கதவு மணி சிணுங்கியது.

"மூடியாச்சுன்னு போர்டு தொங்குது, அப்பவும் வராங்க பாருங்க" என்று அண்ணன் சிரித்தார். "அட, பாட்டுக் கோஷ்டி. வாங்க வாங்க. எத்தனை பேர் நீங்க, அம்மாடி."

கால்கள். பிறகு ஓர் இருமல்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு முறை வறட்டென்று இருமி மூன்றாவதை விழுங்கிக்கொள்ளும் அந்த இருமலை மூன்று வருஷமாகக் கேட்கிறாள். மரத்தூள் தின்ற நெஞ்சு என்று அவரே சொல்லுவார். தச்சரின் இருமல். அவர் வீட்டுக்கும் இந்த பேக்கரிக்கும் நடுவில் கடல் இருக்கிறது.

"அண்ணே" என்றாள். "அங்க யாரு இருக்காங்க?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் தட்டு அந்தச் சொல்லை நசுக்கியது. தகரத்தட்டில் கனமான ஒன்றை மோதும் சத்தம். இரண்டாவது தட்டு. நான்காவதில், கடினமான சின்னச் சின்னப் பொருள்கள் தகரத்தில் சிதறி உருண்டு ஓடின.

"அண்ணன் பாதாமைக் கொட்டிட்டார்" என்று டீச்சர் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள்.

பாதாம் இல்லை. பல்.

"நிறுத்துங்க" என்று அவள் கத்தினாள். "யாரோ அவரை அடிக்கிறாங்க. போலீஸைக் கூப்பிடுங்க யாராவது."

"டிசம்பர் ஆனா இவளுக்கு ஒரு பேய்க்கதை வேணும்" என்றார் தலைவர். போலீஸை எங்கே அனுப்புவது என்று அவளுக்கும் தெரியவில்லை. அண்ணனின் பெயர்கூடத் தெரியாது. தட்டு விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் தொண்டைக்குள் காற்று கொப்புளிக்கும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. தாளம் மட்டும் பிசகவில்லை.

"இடையன் மகனே எழுந்திரு. சரியா?" என்றாள் நர்ஸ் அக்கா.

நின்றது.

நர்ஸ் அக்காவையும் அவள் பார்த்ததில்லை. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த எட்டு நாளும், ஃபோனின் மறுமுனையில் இருந்தது அந்தக் குரல்தான். சாப்பிட்டியா என்று கேட்டு, சாப்பிடவில்லை என்று அவள் சொன்னால் வைக்காமல் காத்திருந்த குரல்.

"அக்கா, வாசல்ல யாராவது மணி அடிச்சா திறக்காதீங்க. சத்தியமா சொல்றேன், திறக்காதீங்க."

"என்னடி ஆச்சு உனக்கு?" அக்கா எழுந்து நடக்கும் சத்தம். "பாட்டுக்காரங்கதான்டி. சின்ன விளக்கெல்லாம் வெச்சிருக்காங்க. குளிர்ல நிக்கிறாங்க பாவம்."

"அக்கா!"

தாழ்ப்பாள் நகர்ந்தது. கால்கள். இருமல். அதற்குப் பின்னால், உடைந்த வாயால் மூச்சுவிடும் புதிய ஒருவர்.

"ஐயோ" என்றாள் அக்கா. நர்ஸின் குரல் அது, பயம் இன்னும் வரவில்லை. "முகத்துல என்ன அடி இது? உட்காருங்க, நான் மருந்து—"

தட்டு.

இந்த முறை தாளம் மெதுவானது. மூன்று எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. தாலாட்டு நடை. எலும்பு முறியும் ஒலிக்குள் இரண்டு ஒலிகள் இருக்கின்றன என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள். ஒன்று காய்ந்த குச்சி ஒடிவது. அடுத்தது, ஒடிந்த முனைகள் உரசுவது. இரண்டுக்கும் நடுவே அக்கா. முதலில் கத்தினாள். பிறகு முனகினாள். "போதும்ப்பா, போதும்ப்பா" என்று ஒரு குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

பாட்டு அவளுக்குத் தெரியும். ஐந்தாவது தட்டிலேயே தெரிந்துவிட்டது. தொழுவத்துத் தாலாட்டு.

சொன்னால் நிற்கும். சொன்னால் அடுத்த முறை அவளுடையது. வேறு யாராவது சொல்லட்டும். வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தாள். ஒரு தட்டு போயிற்று. இன்னொன்று போயிற்று. அக்காவின் முனகல் சன்னமாகிவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள் டீச்சர் குதூகலமாக. "இருங்க, என் சின்னவன் சொல்லுவான். சொல்லுடா கண்ணு, மைக்கிட்ட வந்து சொல்லு."

பிள்ளை மூச்சை இழுத்தான்.

"தொழுவத்துத் தாலாட்டு" என்று அவள் அலறினாள். "நான்தான். நான் சொல்லிட்டேன். என் முறை."

நின்றது.

"அவசரக்குடுக்கை" என்றார் தலைவர். "குழந்தைகிட்டப் போய்ப் போட்டியா? சரி, தட்டும்மா."

"அக்கா" என்றாள். "அக்கா, பேசுங்க."

அக்கா எழுந்தாள். அந்தச் சத்தம் கேட்டது. எழ முடியாத ஒரு உடம்பு, மூட்டு மூட்டாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும் சத்தம். பிறகு கால்கள். சீராக. வாசலை நோக்கி.

அவள் லேப்டாப்பைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாசல் கதவைப் பூட்டவில்லை. வரவேற்புப் பெண் சும்மா சாத்திவிட்டுப் போயிருப்பாள். ஓடினால் பத்தடி. சோதனை அறையின் பிடியில் கை வைத்தபடி ஜன்னல் வழியே பார்த்தாள்.

வெளியறைக்கு அப்பால் வாசல் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. சாயங்கால வெளிச்சம் தரையில் நீளமாகக் கிடந்தது. அந்த வெளிச்சத்தை மிதித்துக்கொண்டு வந்தார்கள்.

பிடியை இரு கையாலும் உள்பக்கம் இழுத்துப் பிடித்தாள். இந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. நோயாளி உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

அவர்கள் கதவுக்கு வரவில்லை. ஜன்னலுக்கு வந்தார்கள்.

முப்பது பேர் இருக்கலாம். நாற்பது. கோஷ்டியாக, குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால், பாட நிற்கும் ஒழுங்கில் நின்றார்கள். சிலர் கையில் விளக்கு. மற்றவர்கள் கையில் கட்டை, கம்பி, கல். எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின. ஒரு சத்தமும் இல்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் இருமினார், விரல்களே இல்லாத கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவர் பக்கத்தில் மாவு படிந்த ஏப்ரனோடு ஒரு பெரிய மனிதர். வாயிருந்த இடம் சிவப்பாகத் திறந்து திறந்து மூடியது.

முன்வரிசை நடுவில் ஒரு குள்ளமான பெண். வெள்ளை யூனிஃபார்ம். இடது தோள் மார்புக்குள் புதைந்திருந்தது. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. இதுவரை பார்த்திராத முகம். ஆனாலும் தெரிந்தது.

அக்கா அவளைப் பார்த்தாள். கண்ணில் கோபமில்லை. மெதுவாக, அக்கறையோடு, கையிலிருந்த கட்டையை உயர்த்தினாள்.

மூன்று எண்ணிக்கை. கண்ணாடி அதிர்ந்தது. மந்தமான ஒரு தட்டாக மட்டும் அது உள்ளே வந்தது.

மூன்று எண்ணிக்கை. மறுபடியும். கழற்றாத ஹெட்போனில் டீச்சரின் சின்னவன் கேட்டான்: "அம்மா, இது என்ன பாட்டு?"

மூன்று எண்ணிக்கை.

கண்ணாடியில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. அந்தக் கீறல் வழியாக, நாற்பது குரலும் ஒரே சுருதியில், பாட்டு உள்ளே வந்தது.