சத்தமில்லாத தூண்டில்

தீவில் பனிக்காலம் வரப்போகிறது. பனி விழுந்துவிட்டால் பழ மரங்கள் மொட்டையாகிவிடும். முயல்கள் வளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏரி உறைந்துவிடும். அதற்குள் மீன்களைப் பிடித்து, புகை போட்டு, பரண் நிறைய அடுக்கி வைக்க வேண்டும். பரண் நிறையாவிட்டால் எல்லோரும் பட்டினி. கட்டிய குடிசை, வளர்த்த கோழி எல்லாம் போச்சு.

பயப்பட வேண்டாம். இந்தத் தீவு இருப்பது கைபேசிக்குள். ஆனால் அதில் வாழ்கிற நாலு பேரிடம் போய், "இது வெறும் விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நாலு பேரும் ஒரே வகுப்பு. ஒருவன் கேப்டன். அந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். அடுத்து ரெட்டையர். அந்த இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி சொன்னதை மற்றவள் திருப்பிச் சொல்லாவிட்டால் இருவருக்கும் தூக்கம் வராது. நாலாவது ஆள் குருவி. ஆள் சின்னதாக இருப்பதால் அந்தப் பெயர்.

தீவில் மீன் பிடிப்பது இப்படித்தான். இரண்டு குச்சியும் கொஞ்சம் நாரும் கிடைத்தால் தூண்டில் தயார். மண்ணைக் கிளறிப் புழு எடுத்து, முள்ளில் கோத்து, ஏரியில் வீச வேண்டும். தக்கை தண்ணீரில் மிதக்கும். மீன் கடித்ததும் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியே சுண்டி இழுக்க வேண்டும். முந்தினால் மீன் மிரண்டு ஓடிவிடும். பிந்தினால் புழுவைத் தின்றுவிட்டு ஓடிவிடும்.

குருவிக்கு எப்போதும் முந்தும், இல்லாவிட்டால் பிந்தும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

"உன்னை மீன் பிடிக்கச் சொன்னா நீ மீன் வளக்கிற," என்றான் கேப்டன், பள்ளி இடைவேளையில். "நேத்து மட்டும் ஒரு கூடைப் புழு போச்சு. பரண்ல உன் மீன் ஒண்ணுகூட இல்ல."

"ஒண்ணுகூட இல்ல," என்றாள் ரெட்டையரில் ஒருத்தி.

"ஒண்ணுமே இல்ல," என்றாள் மற்றவள்.

"சத்தம் கேட்டா இழுக்க வேண்டியதுதானே? காதுல பஞ்சா வெச்சிருக்க?"

"இனிமே சரியா இழுக்கிறேன்," என்றாள் குருவி.

"ஏன் விடுறன்னு கேட்டா அதுக்குப் பதில் இல்ல. கழுவுற மீன்ல நழுவுற மீன் நீ." கேப்டன் குரலைத் தாழ்த்தினான். "எங்க சித்தப்பா பையன் என்னையும் சேத்துக்கன்னு உயிரை வாங்குறான். தீவுல நாலு பேருக்குத்தான் இடம். சனிக்கிழமை சாயங்காலம் பனி விழும். அதுக்குள்ள நீ மீன் பிடிக்கலன்னா உன் இடத்தை அவனுக்குக் குடுத்துடுவேன்."

குருவி தலையை ஆட்டினாள்.

உண்மையில் அவள் காதில் பஞ்சு இல்லை. கைபேசியில்தான் சத்தம் இல்லை. அவளுடைய அம்மா ரொட்டி செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறார். இரவெல்லாம் மாவு பிசைகிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுவிட்டு, பகலில்தான் தூங்குவார். அப்பா லாரி ஓட்டுபவர். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி. வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. அம்மா கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். பக்கத்தில் இரண்டு வயதுத் தம்பி பொடியன்.

ஒருநாள் குருவி கொஞ்சமே கொஞ்சம் சத்தம் வைத்துப் பார்த்தாள். 'ப்ளக்' என்றதுதான் தாமதம், அம்மா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"மணி அடிச்சிடுச்சா? வேலைக்கு நேரமாயிடுச்சா?"

கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் செருப்பைத் தேடிய அம்மாவைப் பார்த்ததும் குருவிக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சத்தம் வைப்பதே இல்லை.

இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். முடியாது. அவள் காது பொடியனுக்குச் சொந்தம். அவன் லேசாகச் சிணுங்கினாலே ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவன் போடும் கூச்சலில் தெருவே எழுந்துவிடும்.

இதையெல்லாம் கேப்டனிடம் சொல்லியிருக்கலாம். "அப்படின்னா நீ எதுக்கு வர்ற?" என்று கேட்டுவிட்டால்? பள்ளி விட்டதும் மற்றப் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுவார்கள். குருவி வீட்டை விட்டு நகர முடியாது. அவளுக்கு இருந்த ஒரே விளையாட்டு மைதானம் அந்தத் தீவுதான்.

அன்று மாலை சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து தீவுக்குள் போனாள். தூண்டிலை வீசவில்லை. கேப்டன் மீன் பிடிக்கிற இடத்துக்குப் போய், அவன் பக்கத்தில் சும்மா நின்றாள்.

'என்ன வேடிக்கை பாக்கிற?' என்று கேப்டன் எழுதினான்.

'சும்மாதான்' என்று பதில் எழுதினாள்.

சும்மா இல்லை. அவன் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதால் கேட்க முடியாததைக் கண்ணால் பிடிக்க முடியுமா என்பதுதான் அவள் கேள்வி. மீன் கடிப்பதற்கு முன்னால் தண்ணீர் சும்மாவா இருக்கும்?

முதலில் தக்கை லேசாக ஆடியது. ஆனால் அது வெறும் காற்று. அதை நம்பித்தான் அவள் இத்தனை நாளும் அவசரப்பட்டு இழுத்திருக்கிறாள். அப்புறம் தூரத்தில் ஒரு குமிழி தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. எறும்பு வரிசை மாதிரி குமிழிகள் தக்கையை நோக்கி நேராக வந்தன. முதல் குமிழி தக்கையைத் தொட்டதும் கேப்டன் இழுத்தான். மீன் துள்ளியது.

அடுத்த மீனுக்கும் அதே குமிழி வரிசை. அதற்கடுத்ததற்கும் அப்படித்தான்.

அதற்குள் பொடியன் சிணுங்கினான். குருவி ஓடிப்போய்த் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் அவனை அணைத்தபடி தூண்டிலை வீசினாள். காற்றில் தக்கை ஆடியது. அவள் அசையவில்லை. குமிழி வந்தது. தக்கையைத் தொட்டது. சுண்டினாள்.

வெள்ளி மீன் ஒன்று திரையில் பளபளவென்று தொங்கியது.

"ம்மீ," என்றான் பொடியன், மீனைக் காட்டி.

"மெதுவா பேசுடா தங்கம்," என்று அவன் காதில் சொல்லி, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

சனிக்கிழமை வந்தது. பரணில் பாதி இடம் இன்னும் காலி. நாலு பேரும் ஏரிக்கரையில் நிற்கும்போது, தீவின் வானம் கறுத்து, மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மழையில் மீன்கள் நிறையக் கடிக்கும். நல்ல வேளைதான். ஆனால் கூடவே இடியும் இடித்தது.

'சத்தமே கேக்கல' என்று எழுதினாள் ஒருத்தி.

'கேக்கவே இல்ல' என்று எழுதினாள் மற்றவள்.

மழை இரைச்சலில் அந்தச் சின்ன 'ப்ளக்' எங்கே காதில் விழும்? கேப்டன் சத்தத்தை முழுசாக ஏற்றினான். இடிதான் பெரிதாகக் கேட்டது. 'எங்கப்பா திட்டுறாரு' என்று எழுதினான். அவன் புழுக்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

குருவிக்கு மழை இரைச்சலும் கேட்காது, இடியும் கேட்காது. அவளுடைய தீவில் எப்போதும் அமைதிதான். மழைத்துளிகள் தண்ணீரில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி போட்டன. மீனின் குமிழி மட்டும் வரிசை கலையாமல் வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து இழுத்தாள். பரணில் ஒரு மீன் ஏறியது. இன்னொன்று ஏறியது. அப்புறம் ஏறிக்கொண்டே இருந்தது.

'ஏய் குருவி, உனக்கு மட்டும் எப்படி?'

பதிலே சொல்லாமல் இருந்திருக்கலாம். தன் மீன் மட்டும் ஏறட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பரண் நாலு பேருக்கும்தானே?

'சத்தத்தை நிறுத்துங்க. அது குழப்பும். வரிசையா வர்ற குமிழியைப் பாருங்க. தக்கையைத் தொட்டதும் இழுங்க.'

மூன்று பேரும் சத்தத்தை நிறுத்தினார்கள். பிறகு ரெட்டையரில் ஒருத்தியின் தூண்டிலில் மீன் துள்ளியது. அடுத்து மற்றவளின் தூண்டிலில். கடைசியாகக் கேப்டனுடையதில் ஒரு பெரிய மீன் சிக்கியது. முதல் பனி விழும்போது பரணில் இம்மியளவு இடமில்லை.

நாலு பேரும் குடிசைக்குள் தீ மூட்டி உட்கார்ந்தார்கள். வெளியே தீவு வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

'சத்தம் இல்லாம பிடிக்க யாரு சொல்லிக் குடுத்தா?' என்று கேட்டான் கேப்டன்.

இனி நழுவக் கூடாது என்று நினைத்தாள் குருவி.

'யாரும் இல்ல. நான் எப்பவுமே சத்தம் வைக்கிறதில்ல. எங்கம்மா ராத்திரி வேலைக்குப் போறாங்க. பகல்லதான் தூங்குவாங்க.'

'முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?'

'சொன்னா நீ வர வேணாம்னு சொல்லியிருப்ப.'

கேப்டன் எதையோ எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். கடைசியில் பதில் வந்தது.

'சொல்லியிருப்பேன். தப்புதான். சித்தப்பா பையன்கிட்ட இடம் இல்லன்னு சொல்லிட்டேன்.'

'இடம் இல்ல' என்று எழுதினாள் ரெட்டையரில் ஒருத்தி.

'இடமே இல்ல' என்று எழுதினாள் மற்றவள்.

குருவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அப்படியும் அம்மா துண்டை விலக்கி, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"என்னடி, தனியா உக்காந்து சிரிக்கிற?"

"தனியா இல்லம்மா, நாலு பேர் இருக்கோம்," என்றாள் குருவி. "இன்னும் நேரம் இருக்கு. நீ தூங்கு."