ஏழில் ஒன்று செத்தது!

"ஐயோ... செத்துப் போச்சு!"

மேனேஜர் போட்ட அலறலில் ஆபீஸே எழுந்து நின்றது!

செத்தது ஆளில்லை. கம்பெனியின் மெயில் சர்வர்.

முதலாளி ஓடிவந்தார். மேனேஜர் அவருடைய சொந்த மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளை, சர்வரைக் கவனிக்கும் பெண்ணை நோக்கி விரல் நீட்டினார்.

"எல்லாம் இவங்க வேலை மாமா! ஒரே ப்ரோக்ராமா ஓடிட்டிருந்ததைப் போன மாசம் ஏழா உடைச்சாங்க. மெயிலை வாங்க ஒண்ணு, வரிசையில வைக்க ஒண்ணு, பெட்டியில போட ஒண்ணு... வேகமும் போச்சு, மெமரியும் போச்சு!"

முதலாளி முறைத்தார். "மூணு மணிக்குள்ள காரணம் சொல்லும்மா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

மணி இரண்டே முக்கால்!

அவள் விரல்கள் கீபோர்டில் பறந்தன.

"சார்... இது தானா சாகல. கொலை!"

"என்னது!"

"வாங்குற ப்ரோக்ராமை மட்டும் யாரோ கையால நிறுத்தியிருக்காங்க. பழைய ஒரே ப்ரோக்ராமா இருந்தா மொத்தமும் படுத்திருக்கும். இதுல ஒண்ணை ஒண்ணு நம்பாது சார். மத்த ஆறும் உயிரோட இருக்கு."

நம்பாமல் இருப்பதில்தான் எத்தனை சௌகரியம்!

மேனேஜருக்கு வியர்த்தது. "அப்ப... மாமாவுக்கு வந்த மெயில் அழியலையா?"

"மாமாவுக்கு மெயில் வந்தது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

மேனேஜர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "வரிசையில ஒண்ணு காத்திருக்கு சார். உங்க பெட்டி நிரம்பிடுச்சு. நான் வெச்ச அளவைத் தாண்டி ஒரு எழுத்துகூட உள்ளே போகாது. பழசு எதையாவது அழிங்க."

முதலாளி அழித்தார். அவள் ஒரு தட்டு தட்டினாள். மெயில் வந்து விழுந்தது!

'யோவ் கிழவா...'

அனுப்பியவர், மாப்பிள்ளை! லீவு கிடைக்காத ஆத்திரத்தில் அனுப்பிவிட்டு, ஆத்திரம் தணிந்ததும், மாமா அதைப் படித்துவிடக் கூடாதென்று சர்வரைக் கொன்றிருக்கிறார்.

"மன்னிச்சிடுங்க மாமா... ஏதோ கோபத்துல..."

படிக்கப் படிக்க முதலாளியின் முகம்... மலர்ந்தது!

"கடைசி வரி என்ன மாப்பிள்ளை? 'உன் வேலையே எனக்கு வேணாம்.' அஞ்சு வருஷமா இதுக்குத்தான் தவம் கிடந்தேன்! ராஜினாமாவை ஏத்துக்கிட்டேன்! நீ இரும்மா, உன் வேலை உனக்குத்தான்."

அப்படியே மகளுக்குப் போன் போட்டார்.

"சந்தோஷமான சேதிடா கண்ணு! உன் புருஷன் இனிமே பகல் முழுக்க வீட்லதான்!"

மறுமுனையில் மகள் அவசரமாகக் கேட்டாள்.

"அப்பா... அந்த மேனேஜர் நாற்காலி இப்ப காலிதானே? நான் கிளம்பி வரட்டுமா?"